துபாய்க்கு முதல் தடவை போறீங்களா? எங்க காசை விடணும், எங்க விடக்கூடாதுன்னு ஒரு வழிகாட்டி

துபாய் போறேன்னு சொன்ன உடனே ரெண்டு வகை அட்வைஸ் வரும். ஒண்ணு, "அங்க எல்லாமே யானை விலை, நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது"ன்னு. இன்னொண்ணு, "அங்க என்னய்யா இருக்கு, மணலும் மாலும்தானே"ன்னு. ரெண்டு கோஷ்டியும் பாதி துபாய் பாத்துட்டு பேசறவங்கதான். க்ரீக்னு சொல்ற அந்த உப்புத்தண்ணி ஓடையை ஒட்டி ஒரு பழைய ஊர் இருக்கு, அங்க 1 திர்ஹாமுக்கு படகுல போகலாம், 2 திர்ஹாமுக்குள்ள டீ குடிக்கலாம். ஷேக் ஸாயித் ரோட்டுப் பக்கம் போனா இன்னொரு ஊர், அங்க லிஃப்ட்ல ஏறறதுக்கே நம்மூர் கணக்குல பல ஆயிரம். என் கணக்கு ரொம்ப சிம்பிள், காசு குடுத்து ஏறற இடம் ஒண்ணு ரெண்டு போதும், அதுக்கு மேல வேணாம். மிச்ச நேரத்தை க்ரீக்குக்கும் பாலைவனத்துக்கும் கடலுக்கும் சாப்பாட்டுக்கும் குடுங்க. அந்தக் கணக்குலதான் கீழ வரிசையா எழுதியிருக்கேன்.

ஸ்டெப் 1: மாசம் பாத்து டிக்கெட் போடுங்க

நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும்தான் சீசன். அப்போ காலையில லேசா குளிரும், ராத்திரி பாலைவனத்துல ஸ்வெட்டர் தேவைப்படும், நிஜமாத்தான். ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் டிக்கெட்டும் ஹோட்டலும் சல்லிசா கிடைக்கும், ஏன் சல்லிசுன்னு ஏர்போர்ட் கதவு திறந்த அடுத்த நிமிஷமே புரிஞ்சிடும், 45 டிகிரியைத் தாண்டும், அதோட கடல் ஈரமும் சேர்ந்து கண்ணாடி போட்டிருந்தா வெளிய வந்ததும் பனி மூடின மாதிரி ஆயிடும். வருஷா வருஷம் ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு அரசாங்கமே சட்டம் போட்டிருக்கு. இந்தப் பளபளப்பை எல்லாம் கட்டி நிறுத்தினவங்கள்ல நம்மூர்க்காரங்க எத்தனையோ பேர், அவங்களுக்கே அந்த நேரத்துல வேலை கிடையாதுன்னா, சுத்திப் பாக்கப் போற நமக்கு அந்த வெயில்ல என்ன அவசரம்?

இன்னொண்ணு, மிராக்கிள் கார்டன்னு பூந்தோட்டம், குளோபல் வில்லேஜ்னு பொருட்காட்சி, ரெண்டையும் வெயில் காலத்துல மூடிடுவாங்க. குழந்தைங்களோட போறவங்க இதை மனசுல வச்சுக்கோங்க. ரம்ஜான் மாசத்துல போறதும் ஒரு அழகுதான், ராத்திரி ஊரே முழிச்சிருக்கும், ஆனா பகல்ல நோன்பு இருக்கறவங்க முன்னாடி தெருவுல தின்னுகிட்டு நடக்காதீங்க, பாலைவன சஃபாரி கேம்ப்லயும் பாட்டு டான்ஸ் பெருசா இருக்காது.

ஸ்டெப் 2: பாஸ்போர்ட்டை எடுத்து பேரைப் பாருங்க

இது தமிழ் ஆளுங்களுக்குன்னே எழுதறேன். நம்ம பாதிப் பேருக்கு பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டம் காலியா கிடக்கும், ஒரே ஒரு பேர்தான் இருக்கும். 2022 நவம்பர்ல யுஏஇ, அதாவது துபாய் இருக்கற நாடு, ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்ட் விசா, விசிட் விசா கிடையாதுன்னு. அப்பா பேர் இன்னொரு பக்கத்துல இருந்தா பரவாயில்லன்னு அப்புறம் ஒரு தளர்வு வந்துச்சு. ஆனாலும் செக்-இன் கவுண்டர்ல நிக்கும்போது போய் இதைப் பேசிகிட்டு இருக்க முடியாது, அதனால விசாவுக்குக் குடுக்கும்போதே ஏஜெண்ட் கிட்டயும் ஏர்லைன் கிட்டயும் மெயில்ல கேட்டு பதிலை வாங்கி வச்சுக்கோங்க. போன்ல "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்"னு சொல்றதை நம்பாதீங்க. டைம் இருந்தா பாஸ்போர்ட்லயே சர்நேம் சேர்த்துட்டா வாழ்நாளுக்கும் நிம்மதி.

விசா 30 நாள், 60 நாள்னு ரெண்டு வகை. ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங் ரெண்டும் கேப்பாங்க. சொந்தக்காரங்க வீட்டுல தங்கறதா இருந்தா அவங்க பேப்பர் வேணும். அமெரிக்கா, பிரிட்டன், ஐரோப்பிய யூனியன் விசா கையில இருக்கற இந்தியர்களுக்கு அங்க போய் இறங்கியே 14 நாள் விசா வாங்கற வசதி இருக்கு. ஒரு நாள் கூடத் தங்கிட்டாலும் நாளுக்கு 50 திர்ஹாம் அபராதம், அதுல தாட்சண்யமே கிடையாது.

ஸ்டெப் 3: பெட்டியில எதை வைக்கக் கூடாது

கசகசா. ஆமா, நம்ம குருமாவுல போடற அதே கசகசாதான். அங்க அது போதைப்பொருள் லிஸ்ட்ல வரும். மாமியார் ஆசையா அரைச்சுக் குடுத்த மசாலாப் பொடியில கலந்திருக்கான்னு கேட்டுட்டு வைங்க, இது ஜோக் இல்ல. வெத்தலை, பான், வாயில போட்டு மெல்ற புகையிலை இதெல்லாமும் வேணாம்.

மாத்திரை விஷயம் இதை விட முக்கியம். கோடீன் இருக்கற இருமல் சிரப், ட்ரமடால் மாதிரி வலி மாத்திரை, தூக்க மாத்திரை இதுக்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு. அங்க இருக்கற சுகாதார அமைச்சகத்தோட வெப்சைட்ல முன்கூட்டியே அனுமதி வாங்கலாம். சர்க்கரை, பிபி மாத்திரைக்கு டாக்டர் சீட்டு இங்கிலீஷ்ல எழுதினது கூடவே வச்சிருந்தா போதும், மாத்திரையை அட்டையில இருந்து உரிச்சு டப்பாவுல கொட்டிக் கொண்டு போகாதீங்க.

அப்புறம் பிளக். அங்க பிரிட்டிஷ் ஸ்டைல் சதுர மூணு பின், நம்ம சார்ஜர் அப்படியே ஏறாது, ஒரு அடாப்டர் இங்கயே வாங்கிடுங்க.

ஸ்டெப் 4: எங்க தங்கறது

மரீனா, டவுன்டவுன், பாம் ஜுமைரா பக்கம் ரூம் போடணும்னு ஆசையா இருக்கும். ஹனிமூனா இருந்தா போடுங்க, நான் தடுக்கல. ஆனா காலையில போய் ராத்திரி திரும்பற ஆளா இருந்தா பர் துபாய், கராமா, தேரா இந்த மூணுல ஒண்ணு. ரூம் சின்னதா இருக்கும், ஜன்னலைத் திறந்தா அடுத்த பில்டிங் சுவர்தான் தெரியும், பரவாயில்ல. மெட்ரோ பக்கம், இட்லி பக்கம், க்ரீக் நடக்கற தூரம். மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து நடந்து 7, 8 நிமிஷத்துக்குள்ள இருக்கான்னு மேப்ல பாத்துட்டு புக் பண்ணுங்க, வெயில்ல அந்தத் தூரம் மூணு மடங்கா தெரியும். ஆன்லைன்ல காட்டற ரேட் போக ரூமுக்கு ராத்திரிக்கு இவ்ளோன்னு டூரிசம் திர்ஹாம்னு ஒரு வரி உண்டு, ஹோட்டல் தரத்தைப் பொறுத்து 7ல இருந்து 20 திர்ஹாம் வரை, செக்-இன் பண்ணும்போது கேப்பாங்க, ஏமாத்தறாங்கன்னு சண்டை போட வேணாம்.

ஸ்டெப் 5: இறங்கின முதல் ஒரு மணி நேரம்

வாட்ச்சை ஒன்றரை மணி நேரம் பின்னாடி திருப்புங்க. ஒரு சிம் வாங்குங்க, ஆனா வாட்ஸ்அப்ல மெசேஜ் போகும், கால் போகாது, ஆடியோ வீடியோ ரெண்டும் பிளாக். ஊருக்குப் பேச போட்டிம்னு ஒரு ஆப் இருக்கு, கிளம்பறதுக்கு முன்னாடியே வீட்டுல இருக்கறவங்க போன்லயும் போட்டு வச்சிடுங்க, இல்லன்னா போய்ச் சேந்தியா சேரலையான்னு அம்மா பதறுவாங்க.

டெர்மினல் 1, 3 ரெண்டுலயும் மெட்ரோ ஸ்டேஷன் உள்ளயே இருக்கு. டெர்மினல் 2ல கிடையாது, அங்க டாக்ஸிதான். கவுண்டர்ல நோல் சில்வர் கார்டுன்னு பயண கார்டு கேளுங்க, 25 திர்ஹாம், அதுல 19 திர்ஹாம் பேலன்ஸா இருக்கும். மெட்ரோ, பஸ், ட்ராம் எல்லாத்துக்கும் அதே கார்டு. மெட்ரோவுல ஒரே ஜோனுக்குள்ள 3 திர்ஹாம், பக்கத்து ஜோன்னா 5, அதுக்கு மேல எவ்ளோ தூரமா இருந்தாலும் 7.50. ஊரோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு 7.50ல போயிடலாம்ங்கறது எனக்கு இன்னமும் ஆச்சரியம்தான், டாக்ஸியில அதே தூரம் நூத்தைத் தாண்டும்.

2009 செப்டம்பர் 9ல ஆரம்பிச்ச மெட்ரோ இது, அதாவது 09-09-09, டிரைவரே கிடையாது. ரெண்டு விஷயம் கவனம். பிளாட்பாரத்துல பிங்க் கலர் கோடு போட்ட இடம் லேடீஸ், குழந்தைங்க பெட்டி. ஆம்பளைங்க அதுல ஏறினா 100 திர்ஹாம் அபராதம், அவசரத்துல தெரியாம ஏறிட்டேன்னு சொன்னாலும் எழுதிடுவாங்க. அதே மாதிரி தண்ணி குடிக்கறது, சிப்ஸ் திங்கறது, சூயிங்கம் மெல்றது எதுவும் உள்ள கூடாது, அதுக்கும் 100. ஞாயித்துக்கிழமை காலை 8 மணிக்குத்தான் ஓட ஆரம்பிக்கும், மத்த நாள் 5 மணிக்கே. நடுராத்திரி ஃப்ளைட்ல இறங்கறவங்க டாக்ஸி எடுத்துடுங்க, ஏர்போர்ட்ல மீட்டரே 25 திர்ஹாம்ல இருந்து ஆரம்பிக்கும், அது நியாயமான ரேட்தான். லேடீஸ் தனியா வந்தா பிங்க் கூரை டாக்ஸி, டிரைவரும் பெண்தான்.

ஸ்டெப் 6: முதல் நாள் க்ரீக், புர்ஜ் கலிஃபா இல்ல

எல்லாரும் முதல் நாளே புர்ஜ் கலிஃபாவுக்கு ஓடுவாங்க. அதை ரெண்டாவது நாளுக்குத் தள்ளி வைங்க. ஊர் எங்க இருந்து ஆரம்பிச்சதுன்னு பாத்துட்டு அப்புறம் எங்க போய் நிக்குதுன்னு பாத்தாதான் அந்த உயரம் உறைக்கும்.

காலையில சீக்கிரமா அல் ஃபஹிதி ஏரியாவுக்குப் போயிடுங்க. 1890கள்ல ஈரானோட பஸ்தக் பக்கத்துல இருந்து வந்த வியாபாரிங்க கட்டின தெரு, பவளக்கல்லும் சுண்ணாம்பும் வச்சு எழுப்பின சுவர். வீட்டு மேல சதுரமா கோபுரம் நிக்கும், பர்ஜீல்னு பேர், நாலு பக்கம் எங்க இருந்து காத்து அடிச்சாலும் புடிச்சு கீழ ரூமுக்குள்ள இறக்கும். கரண்ட் இல்லாத காலத்து ஏசி. சில வீட்டுக்குள்ள அதுக்கு நேர் கீழ நின்னு பாக்கலாம், தலைக்கு மேல சில்லுன்னு இறங்கும். பக்கத்துலயே 1787ல கட்டின கோட்டை, ஊர்லயே பழைய கட்டிடம் அதுதான். அங்க இருக்கற கலாச்சார மையத்துல எமிராட்டி, அதாவது அந்த ஊர்க்காரங்க சாப்பாடு போட்டு, கூட உக்காந்து நீங்க என்ன கேள்வி கேட்டாலும் பதில் சொல்வாங்க. எத்தனை கல்யாணம், ஏன் வெள்ளை டிரஸ், எதை வேணா கேக்கலாம், முன்பதிவு மட்டும் பண்ணிடுங்க.

அங்க இருந்து துணி மார்க்கெட் வழியா நடந்தா ஹிந்தி லேன்னு ஒரு சந்து, ஒரு ஆள் போக எதிர்ல ஒரு ஆள் வந்தா தோளைத் திருப்பணும், பூ, கற்பூரம், சாமி படம்னு மணக்கும், பாலைவன ஊர்ல மல்லிப்பூ வாசனை வந்தா எப்படி இருக்கும்னு போய்ப் பாருங்க. அந்தச் சந்தைத் தாண்டினா அப்ரா துறை.

அப்ரான்னா மரப்படகு. நடுவுல ஒரு பெஞ்சு, அதுல முதுகோட முதுகு ஒட்டி ரெண்டு வரிசையா உக்காரணும், கைப்பிடி கம்பி எல்லாம் கிடையாது. நடுக் குழியில நின்னுகிட்டு டிரைவர் காலால ஸ்டீயரிங்கைத் தள்ளிகிட்டே கையை நீட்டி காசு வாங்குவார், ஆளுக்கு 1 திர்ஹாம், சில்லறையா வச்சுக்கோங்க, 100 திர்ஹாம் நோட்டை நீட்டினா முறைப்பார். டீசல் வாசனை, தண்ணி தெறிக்கும், கடல்காக்கா கூடவே பறக்கும், அஞ்சு பத்து நிமிஷத்துல தேரா வந்துடும். பக்கத்துல வேலைக்குப் போற ஆளுங்க சாப்பாட்டுப் பையை மடியில வச்சுகிட்டு தூங்கிட்டு வருவாங்க. துபாய்ல எனக்கு ரொம்பப் புடிச்ச சவாரி இதுதான், திரும்பவும் அதே படகுல ஏறி இன்னொரு தடவை போயிட்டு வாங்க, என்ன 2 திர்ஹாம்தானே.

ஒரு சின்ன சரித்திரம், தெரிஞ்சா அந்தக் கரையைப் பாக்கறதே வேற மாதிரி இருக்கும். இந்த ஊர் முத்துக்குளிச்சுப் பொழைச்ச ஊர். 1930கள்ல ஜப்பான்காரன் செயற்கையா முத்து வளர்த்து விக்க ஆரம்பிச்சதும் தொழில் படுத்துச்சு. க்ரீக்கைத் தூர் வாரி பெரிய படகு வர மாதிரி அப்போ ஊரை ஆண்ட ஷேக் ராஷித் பண்ணினார், எண்ணெய் கிடைச்சது 1966லதான். அதாவது தூர் வாரினது முன்னாடி, எண்ணெய் பின்னாடி. அந்த 1966 வரைக்கும் இங்க ஓடினது ரூபாய், 1959 வரை நம்ம ரூபாயே, அப்புறம் நம்ம ரிசர்வ் வங்கி வளைகுடாவுக்குன்னு தனியா அடிச்ச ரூபாய். இப்போ ஒரு திர்ஹாமுக்கு எத்தனை ரூபாய்னு நாம கணக்குப் போட்டுகிட்டு நிக்கறோம்.

தேரா கரையில மரக்கப்பல்கள் வரிசையா நிக்கும், டயர், ஃப்ரிட்ஜ், அரிசி மூட்டை எல்லாம் ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் போகும். ரோட்டைத் தாண்டினா ஸ்பைஸ் சூக், சூக்னா சந்தை, குங்குமப்பூ, காய்ஞ்ச எலுமிச்சை, சாம்பிராணி. சாம்பிராணி வாங்கலாம், ஏலக்காய் மிளகு எல்லாம் அங்க வாங்காதீங்க, நம்ம போடி பக்கத்துல விளையறதை அங்க போய் டூரிஸ்ட் விலைக்கு வாங்கறதுல என்ன பெருமை. முதல்ல சொல்ற விலையில பாதியில இருந்து பேரம் ஆரம்பிக்கணும்.

ஸ்டெப் 7: உயரமா இருக்கற எல்லாத்துலயும் ஏற வேணாம்

புர்ஜ் கலிஃபா, 828 மீட்டர், 2010 ஜனவரி 4ல திறந்தாங்க. 124, 125வது மாடிக்கு ஒரு டிக்கெட், 148க்கு வேற டிக்கெட், அது எக்கச்சக்கம், 124 போதும். கவுண்டர்ல போய் வாங்காதீங்க, ஆன்லைன்ல முன்னாடியே போட்டா கம்மி. சூரியன் மறையற நேரத்து ஸ்லாட் விலை ஏறும், காலை ஸ்லாட் கம்மி, ஆனா வெளிச்சமும் தூசியும் சேர்ந்து கீழ மங்கலா தெரியும். அந்தக் கட்டிடத்துல 80வது மாடிக்கு மேல இருக்கறவங்க ரம்ஜான்ல ரெண்டு நிமிஷம் லேட்டாத்தான் நோன்பு திறக்கணும், 150க்கு மேல மூணு நிமிஷம்னு மார்க்கத் தலைவர்களே சொல்லியிருக்காங்க, ஏன்னா மேல இருக்கறவங்களுக்கு சூரியன் இன்னும் மறைஞ்சிருக்காது. மேல நிக்கும்போது இதை நினைச்சுப் பாருங்க.

மெட்ரோ ஸ்டேஷன்ல இருந்து துபாய் மால் வரைக்கும் 820 மீட்டருக்கு ஏசி நடைபாலம், முடியவே முடியாது, நல்ல செருப்பு போடுங்க. மால்ல ஷாப்பிங் பண்ணணும்னு இல்ல, அந்த மீன் தொட்டியோட கண்ணாடி முன்னாடி நின்னு சுறாவைப் பாக்கறது ஃப்ரீ. சாயங்காலம் 6 மணியில இருந்து 11 வரைக்கும் அரை மணிக்கு ஒரு தடவை ஃபவுண்டன், அதுவும் ஃப்ரீ, சூக் அல் பஹர் பக்கம் போற பாலத்துல நின்னு பாருங்க. கடைசி ஷோ முடிஞ்சு எல்லாரும் ஒரே நேரத்துல மெட்ரோவுக்கு வருவாங்க, அதுக்கு ஒரு ஷோ முன்னாடியே கிளம்பிடுங்க.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் பட்ஜெட் இருக்குன்னா நான் துபாய் ஃப்ரேம் தான் சொல்வேன், போட்டோ சட்டம் மாதிரியே நிக்கற கட்டிடம். 50 திர்ஹாம் வாக்குல, 150 மீட்டர், மேல கண்ணாடித் தரை. ஒரு பக்கம் நின்னா கராமா, தேரான்னு பழைய ஊர், திரும்பி நின்னா ஷேக் ஸாயித் ரோடு, ரெண்டையும் ஒரே இடத்துல பாக்கலாம். மியூசியம் ஆஃப் தி ஃபியூச்சர் வெளிய இருந்து பாக்கவே பிரமாதம், அந்த அரபி எழுத்துதான் ஜன்னலே, உள்ள போறதுக்கு டிக்கெட் ஜாஸ்தி, எனக்கு அவ்ளோ ஒட்டல. பாய்மரம் மாதிரி நிக்கற புர்ஜ் அல் அரப் ஹோட்டலுக்குள்ள போய் டீ குடிக்கணும்னு ஒரு கிறுக்கு எல்லாருக்கும் இருக்கும், அதுக்கு பதிலா உம் சுகைம் பீச்சுல துண்டை விரிச்சு உக்காந்தீங்கன்னா அந்தப் பாய்மரம் முழுசா கண்ணு முன்னாடி, காசு கிடையாது. உம் சுகைம் 1, ஜுமைரா 2, 3 பீச்சுல 2023ல இருந்து ராத்திரியும் லைட் போட்டு குளிக்க விடறாங்க, வெயில் காலத்துல இதுதான் வழி.

பனியில சறுக்கற ஸ்கி துபாய், வெளிய 40 டிகிரி உள்ள மைனஸ். குழந்தைங்க இருந்தா போங்க, ஜாக்கெட் அவங்களே தருவாங்க.

ஸ்டெப் 8: பாலைவனம்

இதைத் தவற விடாதீங்க, ஆனா ரேட்டைப் பாத்து மட்டும் புக் பண்ணாதீங்க. ரொம்பக் கம்மி ரேட்ல போறவங்களை பஸ்ல கொண்டு போய் கேம்ப்ல இறக்கி விட்டுட்டு வண்டி சவாரிக்கு தனியா காசு கேக்கற ஆளுங்க இருக்காங்க. புக் பண்ணும்போது நாலு கேள்வி கேளுங்க: வண்டியில எத்தனை பேர், மணல் மேட்டுல எத்தனை நிமிஷம், போற இடம் லஹ்பாப்ங்கற பாலைவனப் பகுதியா, சாப்பாடு தவிர எதுக்கெல்லாம் எக்ஸ்ட்ரா.

மத்தியானம் 3 மணி வாக்குல வண்டி வரும். லஹ்பாப் பக்கம் மணல் செவப்பா இருக்கும், இரும்புச்சத்து. ரோடு முடியற இடத்துல வண்டியை நிறுத்தி டிரைவர் இறங்கி டயர்ல காத்தை இறக்குவார், நாலு டயரும் புஸ்ஸுன்னு பாதியா அமுங்கும், அகலமா படிஞ்சாதான் மணல்ல புதையாம ஓடும். இந்த நேரத்துல இறங்கி செருப்பைக் கழட்டிட்டு மணல்ல நில்லுங்க, மேல சுடும், காலை ஒரு சாண் அமுக்கினா கீழ சில்லுன்னு இருக்கும். அப்புறம் ஏறினா அரை மணி நேரத்துக்கு வண்டி மேட்டு உச்சிக்குப் போய் ஒரு செகண்ட் ஒண்ணுமே தெரியாம வானம் மட்டும் தெரியும், அடுத்த செகண்ட் பக்கவாட்டுல சரியும், கண்ணாடி மேல மணல் சரசரன்னு அடிக்கும். மத்தியானம் பிரியாணி சாப்பிட்டுட்டு ஏறாதீங்க. முதுகுவலி இருக்கறவங்க, கர்ப்பிணிப் பெண்கள், வயசானவங்க இதைத் தவிர்த்துடுங்க, நேரா கேம்புக்கு விடச் சொன்னா விடுவாங்க.

சூரியன் மறையும்போது எல்லாரும் ஒரே மேட்டுல நின்னு செல்ஃபி எடுப்பாங்க. நீங்க பக்கத்து மேட்டுக்கு நடந்து போங்க, அம்பது அடி தள்ளினாலே சத்தம் அடங்கிடும். கேம்ப்ல ஒட்டகச் சவாரி ரெண்டு நிமிஷம்தான், எழும்பும்போது பின்னங்காலை முதல்ல தூக்கும், முன்னாடி குப்புற விழற மாதிரி இருக்கும், பின்னாடி சாஞ்சுக்கோங்க. மெஹந்தி, எகிப்துல இருந்து வந்த தனூரா டான்ஸ், கையில வல்லூறோட போட்டோ, அதுக்கு பெரும்பாலும் தனிக் காசு. அந்த ஊர்ல வல்லூறுக்கு பாஸ்போர்ட் உண்டு தெரியுமா, அதுக்கு சர்நேம் கேக்கறாங்களான்னு தெரியல.

சத்தம் வேணாம், பாலைவனம் மட்டும் போதும்னா கொஞ்சம் கூடச் செலவு பண்ணி துபாய் பாலைவனப் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்க. 225 சதுர கிலோமீட்டர், அனுமதி வாங்கின சில கம்பெனிங்கதான் உள்ள கூட்டிட்டுப் போக முடியும். அரேபிய ஓரிக்ஸ்னு வெள்ளை மான், நேரா நீண்ட ரெண்டு கொம்பு, 1970கள் ஆரம்பத்துல காட்டுல அழிஞ்சே போச்சு, வளர்த்து திரும்ப விட்டிருக்காங்க. அது மணல் மேட்டுல தனியா நிக்கறதைப் பாத்தா கேம்ப் டான்ஸ் எல்லாம் மறந்துடும்.

ஸ்டெப் 9: தங்கம் வாங்கறதுன்னா

கோல்ட் சூக்ல 64 கிலோ கிட்ட ஒரு மோதிரம் கண்ணாடிக்குள்ள வச்சிருப்பாங்க, போட்டோ எடுத்துக்கோங்க. வாங்கறதுன்னா, அன்னைக்கு கிராம் ரேட் எல்லா கடையிலயும் ஒண்ணுதான், போர்டுல ஓடும், அதுல பேரம் கிடையாது. பேரம் எல்லாம் செய்கூலியிலதான், நாலு கடை ஏறி இறங்குங்க. பில்லுல 5 சதவீதம் வாட் இருக்கும், டூரிஸ்ட்டுக்குத் திரும்பக் கிடைக்கும், பில் 250 திர்ஹாமுக்குக் குறையாம இருக்கணும், வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டி பதிய வைக்கணும், ஏர்போர்ட்ல பெட்டியைப் போடறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் கவுண்டருக்குப் போகணும். முழுசா வராது, கொஞ்சம் கழிச்சுக்குவாங்க.

முக்கியமான விஷயம், நம்ம கஸ்டம்ஸ்ல ஆம்பளைக்கு 20 கிராம், பொம்பளைக்கு 40 கிராம் நகை வரியில்லாமன்னு சொல்றாங்களே, அது ஒரு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு திரும்பறவங்களுக்கு. ஒரு வாரம் சுத்திட்டு வர நமக்கு இல்ல. இங்க இருந்து போட்டுட்டுப் போற நகைக்கு கிளம்பறப்பவே சென்னை கஸ்டம்ஸ்ல ஏற்றுமதி சான்று வாங்கி வச்சுக்கறது நல்லது. தெரியாத ஆள் யாராவது ஏர்போர்ட்ல "அண்ணே இந்தப் பொட்டலத்தை ஊர்ல என் தம்பி கிட்ட குடுத்துடுங்க"ன்னா, தமிழ்ல பேசறார்னு உருகிடாதீங்க. சூக்ல வாட்ச், பேக்னு காதுல கிசுகிசுத்து மாடிக்குக் கூப்பிடுவாங்க, அதுக்கும் வேணாம்னு சொல்லிட்டு நடையைக் கட்டுங்க.

ஸ்டெப் 10: சாப்பாடு

கராமாவுல இறங்கினா இட்லி, பரோட்டா, மீன் குழம்பு எல்லாம் கிடைக்கும், டீக்கடையில மலையாளி சேட்டன் இருப்பார், தமிழ்லயே பேசலாம். ஆனா மூணு வேளையும் அங்கயே உக்காந்துடாதீங்க. கரக் சாய் குடிங்க, ஏலக்காய் போட்டு கெட்டியா காய்ச்சினது, கூட பரோட்டாவுல சீஸ் தடவி ஒமான் சிப்ஸை நொறுக்கிப் போட்டு சுருட்டித் தருவாங்க, கேக்கும்போது என்னடா இதுன்னு தோணும், சாப்பிட்டா விட மாட்டீங்க. சத்வாங்கற ஏரியாவுல ரவி ரெஸ்டாரன்ட், 1978ல இருந்து இருக்கற பாகிஸ்தானி கடை, ரோட்டோர டேபிள்ல உக்காந்து நிஹாரின்னு கறிக் குழம்பும் ரொட்டியும். எமிராட்டி சாப்பாட்டுல லுகைமாத், நம்ம பணியாரத்துக்கு சொந்தக்காரன், மேல பேரீச்சம்பழப் பாகு ஊத்தித் தருவாங்க. தேரா வாட்டர்ஃப்ரண்ட் மார்க்கெட்ல மீன் வாங்கி சுத்தம் பண்ணி அங்கயே சமைச்சுத் தரச் சொல்லலாம். பிஸ்தா குனாஃபா சாக்லேட் ஏர்போர்ட்ல வாங்காதீங்க, ஊருக்குள்ள சூப்பர்மார்க்கெட்ல பாருங்க.

ஸ்டெப் 11: ஒரு நாள் அபுதாபிக்கு

டூர் பேக்கேஜ் தேவையே இல்ல. அல் குபைபா பஸ் ஸ்டேஷன்ல இருந்து E100, இப்னு பதூதா ஸ்டேஷன்ல இருந்து E101 பஸ், 25 திர்ஹாம், நோல் கார்டுலயே. ஷேக் ஸாயித் மசூதிக்கு நுழைவு இலவசம், ஆனா ஆன்லைன்ல முன்பதிவு பண்ணணும். கை, கால் முழுக்க மூடின டிரஸ், பொம்பளைங்க தலையில துப்பட்டா. சாயங்காலம் போனா வெயில்லயும் பாக்கலாம் விளக்குலயும் பாக்கலாம். 2024 பிப்ரவரியில திறந்த சுவாமிநாராயண் கோயிலும் பாக்கணும்னா ரெண்டுக்கும் நடுவுல தூரம் ஜாஸ்தி, விடிகாலையிலயே கிளம்புங்க, திங்கக்கிழமை கோயில் லீவு. துபாய்லயே கோயில் வேணும்னா ஜபல் அலியில 2022ல கட்டினது இருக்கு, பக்கத்துலயே குருத்வாரா, சர்ச் எல்லாம்.

கடைசியா சில சில்லறை விஷயங்கள்

ரோட்டை இஷ்டத்துக்குத் தாண்டாதீங்க, அபராதம் 400 திர்ஹாம்ல ஆரம்பிக்கும். தெரியாத ஆளுங்களை, அதுவும் அபாயான்னு நீள அங்கி போட்ட பெண்களை போட்டோ எடுக்காதீங்க, அரசாங்கக் கட்டிடம், ஏர்போர்ட் செக்யூரிட்டி பக்கமும் வேணாம். ட்ரோன் வீட்டுலயே இருக்கட்டும். சண்டை வந்தாலும் விரலை நீட்டித் திட்டாதீங்க, வாட்ஸ்அப்ல திட்டினாக் கூட கேஸ் ஆகும். சனி, ஞாயிறுதான் லீவு, வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை நேரத்துல சூக்ல நிறைய கடை மூடியிருக்கும், அப்போ ரூம்ல ஒரு தூக்கம் போடுங்க.

கிளம்பற அன்னைக்கு நோல் கார்டுல பேலன்ஸ் இருந்தா தூக்கிப் போடாதீங்க. சில்வர் கார்டு அஞ்சு வருஷம் செல்லும், அதுல பேரும் இருக்காது, அடுத்து போற சித்தப்பா பையன் கிட்ட குடுத்து விடுங்க.